வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் சாளரமும் ஒளியும்

சாளர, ஒளி மாதிரியாக்கம் என்பது, கட்டப்படவுள்ள கட்டடத்தின் முப்பரிமாண மாதிரியில் சாளரங்களையும் விளக்குகளையும் பொருத்தி, அறைக்குள் ஒளி எவ்வாறு பரவும் என்பதை முன்கூட்டியே கணித்துப் பார்க்கும் முறையாகும். இதனைக் கற்க ஏற்றவற்றுள் ஒன்று சுவீட் ஹோம் 3டி என்னும் கட்டற்ற மென்பொருள். இதனைப் பிரான்சைச் சேர்ந்த எம்மானுவேல் புயிபாரே ஜாவா மொழியில் எழுதினார்.

செய்முறை

சுவரை வரைந்து அதன்மேல் சாளரத்தை இழுத்து வைத்தால், மென்பொருளே சுவரில் திறப்பை உண்டாக்கிவிடும். அகலம், உயரம், தரையிலிருந்து உள்ள உயரம் ஆகியவற்றைப் பின்னர் மாற்றலாம். விளக்குகளின் ஒளித்திறன் விழுக்காட்டில் தரப்படுகின்றது. ஆயினும், வேலை செய்யும்போது திரையில் தெரியும் முப்பரிமாணக் காட்சி உண்மையான ஒளிக்கணிப்பு அன்று. ஒளிப்படம் உருவாக்கும் கட்டளையில், தர அளவுகளுள் உயர்ந்த இரண்டில் மட்டுமே விளக்கொளியும், நாள், நேரத்திற்கேற்ற சூரிய ஒளியும் கணக்கில் கொள்ளப்படும். அறைக்குக் கூரைத்தளம் அமைக்க மறந்தால் ஒளி மேலிருந்தே கொட்டும். சாளரத்தின் பயன் தெரியாது.

இடத்தைக் குறித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் கவனியாது விடுவது வரைபடத்திலுள்ள திசைகாட்டியாகும். அதில் வடதிசை, அகலாங்கு, நெட்டாங்கு, நேரவலயம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஐரோப்பியப் பாடநூல்கள் வடக்குச் சாளரத்தில் வெயில் படாது என்று கூறுவது அந்நாடுகளுக்கே ஏறக்குறையப் பொருந்தும்.

விருதுநகர் ஏறத்தாழ 9.6 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகின்றது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்து விழும். ஜூன் 21 அன்று சூரியனின் நண்பகல் உயரம் வடக்கே சுமார் 76 பாகை. டிசம்பர் 21 அன்று தெற்கே சுமார் 57 பாகை. சாளரத்திற்குச் சற்று மேலே 60 செ.மீ. நீளும் சன்ஷேடு இருந்தால், ஜூன் நண்பகலில் வடசுவரில் அதன் நிழல் 2.4 மீட்டர் இறங்கும். டிசம்பரில் தென்சுவரில் 92 செ.மீ. மட்டுமே. மேற்குச் சாளரத்தில் மாலைச் சூரியன் தாழ்ந்திருப்பதால் சன்ஷேடு அவ்வளவாக உதவாது. இந்திய நேரப்படி இவ்வூரின் நண்பகல் 12 மணிக்கன்று, ஏறத்தாழ 12.20-க்கு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பட்டாசுக் கூடங்கள்

இதே கணிப்பு சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் உயிர் தொடர்பானதாகின்றது. வெடிமருந்து கையாளும் கூடத்தில் ஒரு மின்பொறியே விபத்துக்குப் போதும் என்பதால், வேலை பகலொளியை நம்பியே நடைபெறுகின்றது. கதவுகள் ஒளிக்கும், ஆபத்தில் வெளியேறுவதற்கும் ஒருசேரப் பயன்படுகின்றன. எனவே அவை வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், வழியில் பொருள் எதுவும் இருத்தல் கூடாது. ஒளி தேவை, ஆனால் மருந்தின்மேல் நேர்வெயில் கூடாது. வடக்கு வாசல்தானே என்று விட்டுவிட்டால், ஜூனில் காலை முதல் மாலை வரை சூரியன் வடபுறத்திலேயே நிற்கும்.

சுவீட் ஹோம் 3டி வெப்பத்தைக் கணிப்பதில்லை. கூடங்களுக்கிடையே விடவேண்டிய பாதுகாப்பு இடைவெளியையும் அறியாது. ஆலைக்கு 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வழங்கும் அதிகாரியின் ஒப்புதல் பெற்ற வரைபடமே செல்லுபடியாகும்.