படத்தோடு ஊர்ப்பெயரும் போகட்டும்

இணையத்தில் கண்ட நல்ல படத்தைப் பகிர்கிறோம். கைமாறக் கைமாற முதலில் உதிர்வது ஊர்ப்பெயர்தான். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு இதில் நட்டம் அதிகம். மேலமலையில் உள்ள விசயாலய சோழீச்சுரத்தின் விமானத்தில் மூன்று தளங்கள் சதுரம், அவற்றின் மேல் ஒரு தளம் வட்டம், கருவறையும் வட்டம். எதிரே 'சமணர் குடகு' குடைவரை. பெயர்தான் அப்படி, சுவரில் இருப்பதோ ஒரே சாயலில் 12 திருமால் உருவங்கள். அதன் முன்னுள்ள மேடையின் அடிவரிசையில் யானை, சிங்கம், யாளி என்று ஓடும் புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். சேலைக் கரைக்கும் புத்தக அட்டைக்கும் வடிவம் தேடுபவருக்கு அது கைக்கெட்டும் சுரங்கம். ஆனால் பெயரில்லாத படத்தைப் பிடித்துக்கொண்டு எந்த ஊரில் போய்த் தேடுவது?

அழகை ரசிக்கப் பெயர் எதற்கு என்பார்கள். ரசிக்கப் பெயர் வேண்டாம்தான்; சிற்பத்தின் அடுத்த பக்கத்தையும் பார்க்க, காலத்தைச் சரிபார்க்கப் பெயர் வேண்டும். 'விசயாலய' என்ற பெயரைக் கேட்டதும் சோழன் கட்டியது என்று எழுதிவிடுகிறோம். அங்குள்ள கல்வெட்டோ, முத்தரையர் குலத்து இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி அது என்கிறது. மழையில் இடிந்தபின் மல்லன் விடுமன் புதுப்பித்ததையும் சொல்கிறது. கட்டியவரை மட்டுமல்ல, பழுது பார்த்தவரையும் விடவில்லை! இதையெல்லாம் தட்டச்சு செய்ய யாருக்கு நேரம் என்ற கேள்வி, கருங்கல்லில் உளியால் வெட்டியவர்களுக்கு முன் எடுபடாது. கோயில், ஊர், நூற்றாண்டு, படம் எடுத்தவர் பெயர்: மொத்தமே ஒரு வரிதான்.