காருக்கு ஆயில் மாற்றுவது எப்படி?

ஊரில் மாட்டு வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். அச்சுக்கு மை போடாமல் வண்டி கட்ட மாட்டார்கள். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை செய்வார்கள். மை காய்ந்தால் அச்சு கிரீச்சிடும். தேயும். மாடும் திணறும்.

காருக்கும் அப்படித்தான். கார் எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில்தான் அதன் மை.

மும்பையில் காட்கோபர் என்னும் இடம் இருக்கிறது. அங்கே தமிழர் பலர் வாழ்கிறார்கள். காமராஜ் நகர் என்றே ஒரு பகுதிக்குப் பெயர் உண்டு. டாக்சியும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைப்பவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கு வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

பக்கத்து ஊர் குர்லா. அங்கே இருந்த பிரீமியர் தொழிற்சாலையில்தான் பத்மினி கார்கள் செய்யப்பட்டன. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் பல முன்பு இந்தக் கார்களாகவே இருந்தன. அங்கே ஒரு டாக்சி 20 ஆண்டு வரை ஓடலாம் என்பது விதி. கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இத்தனை ஆண்டு ஒரு எஞ்சின் உழைக்க முடியுமா? முடியும். காலத்தில் ஆயில் மாற்ற வேண்டும்.

ஆயில் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. வண்டி வேகமாகப் போகும்போது ஒரு பிஸ்டன் ஒரு நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். இரும்பு இரும்போடு உரசினால் என்ன ஆகும்? சூடேறும். தேயும். கடைசியில் இறுகி நின்றுவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'எஞ்சின் ஜாம்' என்கிறார்கள். அதைச் சரி செய்ய ஆகும் செலவு ஆயிலின் விலையைப் போலப் பல மடங்கு.

ஆயில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்கிறது. உரசலைக் குறைக்கிறது. சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. கரியையும் தூசியையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. துருப் பிடிக்காமல் காக்கிறது.

அழுக்கைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால் ஆயில் கறுத்துப்போகிறது. சூட்டில் அதன் குணமும் கெடுகிறது. அப்போது பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும்.

எப்போது மாற்ற வேண்டும்?

காரோடு ஒரு கையேடு தருவார்கள். அதில் எழுதியிருக்கும். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு என்று இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

ஆனால் டாக்சிக்கு இந்தக் கணக்குப் போதாது. காலை நேரத்தில் காட்கோபரின் எல்.பி.எஸ். சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கும். அப்போது மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிலும் உழைத்துக்கொண்டே இருக்கும். இப்படி ஓடும் வண்டிக்கு முன்னதாகவே ஆயில் மாற்ற வேண்டும். எவ்வளவு முன்னதாக என்பதும் கையேட்டில் இருக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. மும்பை டாக்சிகள் சி.என்.ஜி. வாயுவில் ஓடுகின்றன. வாயுவில் கரி குறைவு. அதனால் ஆயில் சீக்கிரம் கறுக்காது. "நிறம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சிலர் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். நிறத்தை நம்பக் கூடாது. சூட்டில் ஆயிலின் குணம் கெட்டிருக்கும்.

டப்பாவைப் படிக்க வேண்டும்

ஆயில் டப்பாவின் மேல் '5டபிள்யூ-30' என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண் எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டும். கையேட்டில் உள்ள எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்களைப் படிக்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது. டப்பாவின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன்

புதிய ஆயில், புதிய ஆயில் பில்டர், சரியான ஸ்பானர், அகலமான தட்டு, புனல், பழந்துணி, கையுறை ஆகியவை வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். கை பிரேக் போட வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும்.

எஞ்சினை 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். ஆயில் இளகும். பிறகு 10 நிமிடம் பொறுக்க வேண்டும். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

வண்டியைத் தூக்க வேண்டி வந்தால் மிகுந்த கவனம் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி நழுவினால் உயிர் போய்விடும். தூக்கிய வண்டியை ஸ்டாண்டு வைத்துத் தாங்க வேண்டும். செங்கல்லை அடுக்கி வைப்பது ஆபத்து. செங்கல் நொறுங்கிவிடும். ஸ்டாண்டு இல்லையா? பட்டறைக்குப் போவதே நல்லது.

செய்யும் முறை

1. எஞ்சின் மேலே உள்ள ஆயில் மூடியைத் திறக்க வேண்டும்.

2. எஞ்சின் அடியில் ஆயில் தொட்டி இருக்கும். அதில் ஒரு போல்ட் இருக்கும். கியர் பாக்ஸிலும் இதுபோல ஒரு போல்ட் உண்டு. இரண்டையும் மாற்றிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

3. தட்டை அடியில் வைத்துவிட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆயில் முழுவதும் வடிய 15 நிமிடம் ஆகும்.

4. போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு மாட்ட வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

5. பழைய பில்டரைக் கழற்ற வேண்டும். அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதிய பில்டரின் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவிக் கையால் முறுக்க வேண்டும்.

6. புனல் வைத்துப் புதிய ஆயிலை ஊற்ற வேண்டும். சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக முதலில் ஊற்றுவது நல்லது. மூடியைப் போட வேண்டும்.

7. எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அடியில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

8. எஞ்சினை நிறுத்தி 10 நிமிடம் கழித்து அளவுக் கம்பியை உருவ வேண்டும். துடைத்து மீண்டும் விட்டு எடுக்க வேண்டும். வண்டி தரையில் சமமாக நிற்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. குறைந்தால் ஊற்றலாம். மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது. ஆயில் அதிகமானால் நுரைத்து எஞ்சினைக் கெடுக்கும்.

9. தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை எப்போது என்று அந்த நோட்டே சொல்லும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இன்றும் மழைக்காலத்தில் தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்குகிறது.

மூழ்கிய வண்டியைச் சாவி போட்டு ஓட்டிப் பார்க்கக் கூடாது. தண்ணீர் உள்ளே இருந்தால் எஞ்சினின் தண்டு வளைந்துவிடும். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி போல இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போக வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

தெருச் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாக்கடை எங்கே போகிறது? காட்கோபர் கிழக்கில் மழைநீர் நாலாக்கள் வழியாகத் தாணே கழிமுகத்துக்குப் போகிறது. அங்கே அலையாத்திச் செடிகள் வளர்கின்றன. பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2015இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. கோலி மீனவர்களும் அந்தத் தண்ணீரை நம்பி வாழ்கிறார்கள். ஆயில் தண்ணீரின் மேல் படலமாகப் பரவி மீன்களுக்கும் பறவைகளுக்கும் கேடு செய்யும்.

பழைய ஆயில் சட்டப்படி ஆபத்தான கழிவு. அதை மண்ணில் கொட்டக் கூடாது. அடுப்பில் எரிக்கக் கூடாது. அடிக்கடி தோலில் பட்டால் தோல் நோய் வரும். புற்றுநோய்க்கும் அது வழி செய்யலாம். அதனால்தான் கையுறை வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி இறுக மூட வேண்டும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் அதைச் சுத்தம் செய்து மறுபடியும் ஆயில் ஆக்க முடியும். கழிவு என்று நினைத்தது மீண்டும் ஒரு வண்டியை ஓட்டும்.

பேசிப் பாருங்கள்

உங்கள் பகுதியில் பழைய ஆயிலை எங்கே கொட்டுகிறார்கள்?

அந்தச் சாக்கடை எந்த ஆற்றில் அல்லது ஏரியில் போய்ச் சேருகிறது?

உங்கள் தெருவில் உள்ள வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பழைய ஆயிலை ஒரே இடத்தில் சேர்க்க முடியுமா?