ஆக்சலோட்டலின் இரையுண்ணும் நடத்தை

ஆக்சலோட்டல் என்பது மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ, சால்கோ ஏரிகளைத் தாயகமாகக் கொண்ட, சலமாண்டர் வகையைச் சேர்ந்த நீர்நில வாழ்வன ஆகும். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாகிக் கரையேறுவது போல் இது உருமாறுவதில்லை. வாழ்நாள் முழுவதும் வெளிச்செவுள்களுடன் நீரிலேயே வாழ்கிறது. 1860களில் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட சில விலங்குகளின் வழித்தோன்றல்கள் ஆய்வுக்கூடங்களில் பெருகின. பின்னர் இது வளர்ப்பு விலங்காகவும் பரவியது. உணவூட்டும் வேளையில் இது செய்யும் விந்தைகள் வளர்ப்போருக்கு நகைப்பூட்டுபவை. மங்கலான பார்வையும் உறிஞ்சி உண்ணும் முறையுமே அவற்றுக்குப் பெரிதும் காரணமாகும்.

இரை பிடிக்கும் முறை

ஆக்சலோட்டல் இரையைத் துரத்துவதில்லை, அசையாமல் காத்திருக்கும். மணத்தையும் நீரின் அசைவையும் கொண்டே இரையை அறிகிறது. இரை அருகில் வந்ததும் வாயைத் திறந்து, தொண்டையின் அடிப்பகுதியைச் சட்டெனக் கீழிறக்குகிறது. அப்போது நீருடன் இரையும் உள்ளே இழுக்கப்படுகிறது. பற்கள் மிகச் சிறியவை. பற்றிக்கொள்ள உதவுமேயன்றி மெல்ல உதவா. எனவே இரையை முழுதாக விழுங்குகிறது.

நகைப்பூட்டும் செயல்கள்

* இரை விலகிய பின்னரும் வெறும் நீரைக் கவ்வுதல்.
* நீண்ட மண்புழுவின் பாதி வாய்க்கு வெளியே தொங்க, தலையை உதறி உதறி விழுங்குதல்.
* உணவு தருபவரின் அசைவை உணவுடன் தொடர்புபடுத்திப் பழகி, கண்ணாடியோரம் வந்து காத்திருத்தல்.
* இடுக்கியையும் விரலையும் இரையென எண்ணிக் கவ்வுதல்.

தீங்குகள்

இரை எது, இரையல்லாதது எது எனப் பிரித்தறியாத இப்பழக்கம் ஆபத்தாகவும் முடியும். தொட்டியின் அடியில் உள்ள சிறு கூழாங்கற்களும் உணவோடு உள்ளே சென்று குடலை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும். இதனால் வெறுந்தரையோ மிக நுண்ணிய மணலோ பரிந்துரைக்கப்படுகிறது. இளம் விலங்குகள் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் முழுமையாக வளர்வது இவ்விலங்கின் சிறப்பு. எனினும் குஞ்சுகளைப் பிரித்து வளர்ப்பதே நன்று.

இதற்கு ஏற்ற நீரின் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியசு ஆகும். 24 பாகைக்கு மேல் உணவை மறுத்து நோயுறும். கோடையில் வெப்பம் 40 பாகையை நெருங்கும் செஞ்சி போன்ற தமிழக ஊர்களில் நீரைக் குளிர்விக்கும் கருவியின்றி இதனை வளர்த்தல் இயலாது. உணவூட்டும்போது அசையாதிருக்கும் விலங்கை வளர்ப்போர் சோம்பல் எனக் கருதிவிடக் கூடாது. அது வெப்பத்தால் வாடுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

காப்பு நிலை

தொட்டிகளில் பெருகியுள்ள இவ்விலங்கு இயற்கையில் அழிவின் விளிம்பில் உள்ளது. சொச்சிமில்கோவில் சதுர கிலோமீட்டருக்கு 1998இல் சுமார் 6,000 ஆக இருந்த எண்ணிக்கை 2014இல் சுமார் 36 ஆகக் குறைந்தது. நீர் மாசுபாட்டுடன், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா, கெண்டை மீன்களும் இதற்குக் காரணங்களாகும்.

தமிழகத்தில் இயற்கையாக வாழும் சலமாண்டர் இனம் எதுவுமில்லை. வளர்க்க இயலாத ஆக்சலோட்டலைச் செஞ்சிக்கோட்டையின் செட்டிக்குளம், சக்கரகுளம் போன்ற நீர்நிலைகளில் விடுதல் தகாது. அது வெப்பத்தால் மடியும். அத்துடன் உள்ளூர்த் தவளைகளுக்குப் பூஞ்சை நோயையும் பரப்பக்கூடும்.