நெய்வேலி நிலக்கரியும் நாட்டரசியலும்

மாலை விளக்கேற்றும் வேளையிற் பெருங்குடியில் நின்று பார்ப்போர், நெடுஞ்சாலையின் இருமருங்கும் எழுந்துள்ள கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் ஒருங்கே ஒளிபெறும் காட்சியைக் காண்பர். முன்னாளில் ஏரியும் சதுப்பும் கழனியுமாய்க் கிடந்த இவ்வூர், 2011-ஆம் ஆண்டிற் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று இரவும் பகலும் வேறுபாடின்றி இங்கே கணிப்பொறிகள் இயங்குகின்றன. ஆயின், இவ்வொளி எங்கிருந்து வருகின்றது என வினவுவார் மிகச் சிலரே.

மின்சாரம் பல நிலையங்களினின்று ஒரே வலையிற் கலந்து வருவதாகலின், இன்ன விளக்கு இன்ன ஊர் நெருப்பால் எரிகின்றது என்று பிரித்துக் கூறல் இயலாது. எனினும், அறுபதாண்டுகட்கு மேலாக அவ்வலைக்கு ஒளி வார்த்துவரும் ஊர்களுள் நெய்வேலி தலையாயதொன்று என்பதில் ஐயமில்லை. ஒளி மட்டுமோ? 2004-ஆம் ஆண்டு முதல் நம் நகரத்தார் பருகும் நீரில் ஒரு பகுதியும், அதே கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியினின்று எடுக்கப்பெற்று, நெய்வேலியை அடுத்த வடக்குத்தில் தூய்மை செய்யப்பெற்று வருகின்றது. நமக்கு ஒளியும் நீரும் தரும் அந்நிலத்தார் தம்முள்ளும் ஆட்சியாளரோடும் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கினை நாம் அறிந்துகொள்ளுதல் கடமையாகும். அதனைச் சுருங்க விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தடிச் செல்வத்தை எடுத்து விற்கும் தொழில் ஒரு நாட்டில் வேரூன்றுமாயின், அந்நாட்டு அரசியல் மூன்று வினாக்களைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். அச்செல்வம் யாருக்கு உடைமை? அதனை எடுக்க உழைப்போர்க்குக் கிடைப்பது யாது? அதன்பொருட்டு யாருடைய நிலம் அழிகின்றது? இம்மூன்றனுள் எது ஒரு காலத்தில் உரத்து ஒலிக்கின்றதோ, அதற்கேற்பவே கட்சிகளின் பேச்சும் மாறக் காண்கின்றோம். நெய்வேலியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாளைத் தென்னார்க்காட்டு மாவட்டத்தில் நெய்வேலி ஒரு சிற்றூர். 1930-களில் அவ்வூர் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. பின்னர் 1940-களில் நடைபெற்ற ஆய்வுகளால், அது பழுப்பு நிலக்கரி என்பதும், நிலத்தடியிற் பெரும்பரப்பில் அது படிந்துள்ளது என்பதும் தெளிவாயின. தமிழகத்திற் கருநிலக்கரி இல்லை. வடநாட்டுச் சுரங்கங்களிலிருந்து புகைவண்டியிலும் கப்பலிலும் அது வரவேண்டியிருந்தது. ஆதலின், இக்கண்டுபிடிப்பு ஒரு பெருவரமாகவே கருதப்பட்டது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், மத்திய அரசு 1956-ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திற் பண்டித நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இற் கரிப்படுகை கண்ணுக்குப் புலனாயிற்று. 1962-இற் சோவியத் நாட்டுத் துணையுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அதன் ஆற்றல் படிப்படியாக வளர்ந்து 600 மெகாவாட்டை எட்டிற்று. அப்பழைய நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன்பின் எழுந்த நிலையங்கள் இயங்கிவருகின்றன.

இச்சுரங்கத்தின் இயல்பினை அறிந்தாலன்றி அதன் அரசியலை அறிதல் அரிது. இங்குத் தொழிலாளர் குகை வழியே பூமியினுள் இறங்குவதில்லை. மேல்மண் முழுவதையும் அகற்றி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்திற்கு நிலத்தைத் திறந்தே கரியை எடுக்கின்றனர். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்றவேண்டியுளது. சக்கரத்திற் கோர்த்த வாளிகளால் மண்ணை வாரும் ஜெர்மானியப் பேரியந்திரங்கள் இதற்குப் பயன்படுகின்றன. மேலும், கரிப்படுகையின் அடியில் அழுத்தமிக்க ஊற்றுநீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றி, நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். எனவே, இத்தொழில் நிலத்தையும் நீரையும் ஒருங்கே உண்ணுவது. ஓரிடத்தில் நில்லாது, கரி செல்லும் திசையெல்லாம் ஊர்களை விழுங்கிக்கொண்டு நகர்வது. ஆலை ஒன்றனுக்கு ஒருமுறை நிலம் கொடுத்தால் அமையும். சுரங்கமோ தலைமுறைதோறும் நிலம் கேட்கும்.

இனி முதல் வினாவைக் காண்போம். நிறுவனம் அரசுடைமையாகவே பிறந்தமையால், நெய்வேலித் தொழிலாளர்க்கு ஒப்புநோக்க நல்லூதியமும், வீடும், பள்ளியும், மருத்துவமனையும் வாய்த்தன. அந்நகர்க்குத் திட்டமிட்ட தெருக்களும் நிழல்மரங்களும் அமைந்தன. ஒவ்வோர் அரசியற் கட்சியும் அங்கே தனக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டது. ஆகவே, நிறுவனத்தின் பங்குகளைத் தனியார்க்கு விற்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் தமிழகம் முழுவதும் அதிர்ந்தது. 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பத்து விழுக்காட்டுப் பங்குகளை விற்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டுதான் தமிழகத்தில் மீண்டும் ஆட்சியேறியிருந்த முதலமைச்சர் கருணாநிதியின் கட்சி, மத்தியக் கூட்டணியிலும் இடம்பெற்றிருந்தது. அக்கட்சி கடுமையாக எதிர்க்கவே, ஜூலைத் தொடக்கத்திற் பிரதமர் மன்மோகன் சிங் நெய்வேலிப் பங்கு விற்பனையை மட்டுமின்றி, நாடெங்குமிருந்த அத்தகைய முடிவுகள் அனைத்தையும் நிறுத்திவைத்தார். ஒரு சுரங்க நகரத்தின் குரல் ஒரு பேரரசின் பொருளியற் கொள்கையையே தடுத்து நிறுத்தியது.

2013-இல் அவ்வழக்கு மீண்டும் எழுந்தது. அரசுடைமை நிறுவனங்களிற் பத்து விழுக்காட்டுப் பங்கேனும் பொதுமக்களிடம் இருத்தல்வேண்டும் எனப் பங்குச்சந்தை வாரியம் விதித்திருந்தது. தொழிலாளர் மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா, அப்பங்குகளைத் தமிழ்நாட்டரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என்று அறிவித்தார். வாரியமும் இசைந்தது. மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் ஏறத்தாழ 360 கோடி ரூபாய்க்கு 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கின. விதியும் காக்கப்பட்டது, சுரங்கமும் தனியார் கை சேரவில்லை. ஒன்றையொன்று எதிர்த்துநின்ற இரு பெருங்கட்சிகளும் இவ்வொரு செய்தியில் ஒரே பக்கம் நின்றன என்பது நோக்கத்தக்கது. எனினும், 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு ஏழு விழுக்காடு வரை பங்குகளை விற்பனைக்கு வைத்தபோது எந்த அமைச்சரவையும் அசையவில்லை. இதற்குக் காரணம் யாது?

அதற்கு விடை இரண்டாம் வினாவில் உளது. பங்கு விற்பனையை எதிர்த்தோர்க்கு முதுகெலும்பாய் நின்றோர் நிரந்தரத் தொழிலாளர். அவர் தொகை ஓய்வுபெறுவோரால் ஆண்டுதோறும் சுருங்கிற்று. அவ்விடங்களிற் பலவற்றை ஒப்பந்தத் தொழிலாளர் நிரப்பினர். இயந்திரம் ஒன்று; வெயில் ஒன்று; வேலையின் இடர் ஒன்று; ஆயின் கூலி இரண்டு. தம்மை நிரந்தரமாக்கவேண்டும் என்று கேட்டு அவ்வொப்பந்தத் தொழிலாளர் பன்முறை நீண்ட போராட்டங்கள் நடத்தினர். 2014-ஆம் ஆண்டு மார்ச்சில், அவருள் ஒருவர் பாதுகாப்புப் படைவீரர் ஒருவரின் துப்பாக்கிக்கு இரையானார். 2020-இல் மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். அரசுடைமை என்ற பெயர் மாறாமலே, அதனுள் வாழும் தொழிலாளரின் நிலை இருவேறாய்ப் பிளவுபட்டது. உடைமையைப் பற்றிய வழக்கில் ஒன்றாய் நின்ற தொழிலாளர், ஊதியத்தைப் பற்றிய வழக்கில் ஒன்றாய் நிற்றல் அரிதாயிற்று. ஒற்றுமை தளர்ந்த இடத்தில் அரசியல் வலிமையும் தளரும் என்பதை நாம் கூறவும் வேண்டுமோ?

மூன்றாம் வினாவே இக்காலத்து மிக உரத்து ஒலிப்பது. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த முதல் தலைமுறையார், நாட்டின் நலங்கருதியும் பிள்ளைகட்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் கொடுத்தனர். இழப்பீடு குறைவென்றும், வீட்டுக்கொருவர்க்கு வேலை என்னும் சொல் முற்றக் காக்கப்படவில்லை என்றும் பின்வந்தோர் குறைகூறினர். 2020-இல் எடப்பாடி பழனிசாமி அரசு, காவிரிப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றிற்று. 2023-ஆம் ஆண்டு வசந்தத்தில், மத்திய அரசு ஏலம் விட அறிவித்த நிலக்கரித் தொகுதிகளுள் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கீழ்ப்பகுதி ஆகியவை இடம்பெற்றிருந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எதிர்த்து எழுத, சில நாட்களுக்குள் அவை நீக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையிலோ, வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டும்பொருட்டு, கதிர்விடும் பருவத்து நெல்வயலில் நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் இன்னும் உழவனுடையதன்றோ என்பது மக்களின் வாதம். இரு நாட்களுக்குப்பின் நெய்வேலியிற் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகை கலவரமாயிற்று. வழக்கினைக் கேட்ட உயர்நீதிமன்றம், அழிந்த பயிர்க்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு அளிக்கப் பணித்தது.

ஒரே ஆட்சி, ஏப்ரலிற் புதுச் சுரங்கத்தை எதிர்த்தது. ஜூலையிற் பழைய சுரங்கத்தின் விரிவுக்குக் காவல் அளித்தது. இதனை முரண்பாடு எனச் சிலர் இகழ்வர். நாமோ, இரு வேறு மக்களுக்கு ஒரே வேளையில் விடைகூற வேண்டிய எவ்வரசும் இந்நெருக்கடிக்குள் அகப்படும் என்றே எண்ணுகின்றோம். இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கானடா நாட்டைக் காண்க. அங்கே உழவரும் தொழிலாளரும் கூடி 1932-இற் கால்கரி நகரில் ஒரு கட்சி கண்டனர். 1961-இல் அதன் வழித்தோன்றலாகப் புதிய ஜனநாயகக் கட்சி எழுந்தது. 2017-க்கும் 2019-க்கும் இடையே அக்கட்சியே ஆல்பர்ட்டாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒருங்கே ஆண்டது. ஆல்பர்ட்டா எண்ணெய் மணல் நிறைந்த நிலம். அவ்வெண்ணெயைக் கடற்கரைக்குக் கொணரும் குழாய் அதன் தொழிலாளர்க்கு வாழ்வு. கொலம்பியாவோ அக்கடற்கரைக்கு உரியது. எண்ணெய் சிந்தினால் அதன் மீனவர்க்கும் ஆதிக்குடிகட்கும் கேடு. ஒரே கட்சியின் இரு முதலமைச்சரும் பகைத்தனர். 2018-இல் ஆல்பர்ட்டா கொலம்பியாவின் திராட்சமதுவைத் தன் எல்லைக்குள் வரவொட்டாது சிலநாள் தடுத்தது. அவ்வாண்டே கூட்டரசு 450 கோடி கானடா டாலர் கொடுத்து அக்குழாயை விலைக்கு வாங்கிற்று. முதலாளி யார் என்ற வினாவிற்கு விடை கிடைத்தும் வழக்குத் தீரவில்லை.

கனிமத்தின் வருவாய் மத்திய அரசுக்கா, மாநிலத்திற்கா என்னும் பூசலும் இருநாட்டுக்கும் பொது. 1980-இல் ஒட்டாவா வகுத்த ஆற்றல் திட்டத்தை ஆல்பர்ட்டா மக்கள் தம் செல்வத்தின்மீது கைவைத்ததாகக் கருதி வெகுண்டனர். 1982-இல் அரசியற் சாசனத்தில் மாகாணங்களின் கனிம உரிமை வலியுறுத்தப்பட்டது. நம் நாட்டில், கனிமங்கள்மீது மாநிலங்கள் வரி விதித்தல் கூடாது என்ற கருத்து 1989-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் எழுந்தது. அதனை 2024-ஆம் ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு மாற்றி, அவ்வுரிமை மாநிலங்கட்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் முடிவில் நம் சட்டமன்றமும் கனிமம் உள்ள நிலங்களுக்கு வரிவிதிக்கும் சட்டம் இயற்றிற்று. வருவாய் பெறும் அரசு, சுரங்கத்தை மூடுதற்கு எளிதில் உடன்படாது என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? தனியார் முதலே தீமைக்கெல்லாம் வேர் என்பாரும், அரசுடைமையே நோய்க்கெல்லாம் காரணம் என்பாரும் நெய்வேலிக்கு வந்து காண்பாராக. அரசுடைமை அங்கே ஒரு தலைமுறைத் தொழிலாளர்க்கு மானமுள்ள வாழ்வு தந்தது. அதே அரசுடைமை அடுத்த தலைமுறையாரை ஒப்பந்தக்காரர் வாயிலில் நிறுத்தியது. வயலுடையானுக்கோ உடைமை யாருடையதாயினும் இயந்திரம் ஒன்றே. நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையை வேதநூலிற் பயின்றவர் நாம். அரசன் ஒருவன் தன் கீரைத்தோட்டத்திற்காகப் பிறன் மரபுநிலத்தை விரும்பியதனை எளிதிற் பழிக்கின்றோம். ஆனால், அந்நிலத்தை விரும்புவோன் கோடி மக்களின் விளக்காயிருப்பின், யாரைப் பழிப்பது? அவ்விளக்கின்கீழ் இருந்து படிப்போர் நாமல்லமோ?

நம் கல்லூரியினின்று வெளிப்போந்து பொறியாளராயும், வழக்கறிஞராயும், ஆட்சியாளராயும், அலுவலகப் பணியாளராயும் அமர்வோர் பலர். அவருள் ஒருவர் ஒருநாள் நிலம் எடுக்கும் கோப்பிற் கையெழுத்திடும் இடத்தில் இருத்தலும் கூடும். அன்று அவர் உடைமை யாருக்கு என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், உழைப்பவன் பெறுவது யாது, நிலம் இழந்தவன் நிற்பது எங்கே என்னும் மற்றிரு வினாக்களையும் சேர்த்துக் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம். கதிரொளியாலும் காற்றாலும் மின்சாரம் பெருகிவரும் இந்நாளில், கரியின் காலம் என்றேனும் முடியும். அன்று அக்குழிகளைச் சூழ்ந்து வாழ்வோர்க்கு நாம் கடன்பட்டிருப்பது எவ்வளவு என்பதை இன்றே கணக்கிடத் தொடங்குதல் நன்று.