அம்மிக்கும் குழவிக்கும் நடுவே: பிரசவ ஃபிஸ்டுலா எப்படி உண்டாகிறது?

நீலகிரி மாவட்டத்தின் தெப்பக்காட்டிலிருந்து கூடலூர் ஆஸ்பத்திரி சுமார் 18 கிலோமீட்டர். பகலில் அது பெரிய தூரமில்லை. இரவில், முதுமலைக் காட்டுச் சாலையில் யானை நின்றால், இடுப்புவலி கண்ட பெண்ணுக்கு நேரம் போய்க்கொண்டே இருக்கும். பிரசவத்தில் சதை நசுங்கி ஓட்டை விழுந்து சிறுநீர் ஒழுகும் காயமே பிரசவ ஃபிஸ்டுலா; அதற்குக் காரணமே இந்தத் தாமதம்தான்.

அம்மியில் ஒரு வெற்றிலையை விரித்து, மேலே குழவியை வையுங்கள். அம்மி தாயின் இடுப்பெலும்பு; குழவி பிள்ளையின் தலை. நடுவே மாட்டிய வெற்றிலைதான் சிறுநீர்ப்பையும் பிறப்புப் பாதையும் ஒட்டியிருக்கும் மெல்லிய சதை.

முதலில், இடுப்பு குறுகலாக இருப்பதாலோ தலை சரியாகத் திரும்பாததாலோ பிள்ளை இறங்காமல் சிக்குகிறது. சின்ன வயதில் கர்ப்பமானவளுக்கும் சத்தில்லாமல் வளர்ந்தவளுக்கும் இடுப்பு முழுதாக வளர்ந்திருக்காது. கருப்பையோ விடாமல் தள்ளும். வலிக்கு வலி குழவி அழுந்தும். பிறகு, அழுந்திய இடத்துக்கு ரத்தம் போகாது. ஓரிரு நாள் இப்படியே கிடந்தால் சதை செத்துவிடும். பெரும்பாலும் பிள்ளையும் தங்காது. சில நாளில் செத்த சதை கழன்று, அங்கே ஓட்டை விழும். சிறுநீர் இரவு பகலாக ஒழுகும். பின்னால் மலக்குடலை ஒட்டிய சதையும் நசுங்கியிருந்தால் மலமும் கசியும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளையே நாற்றம் என்று திண்ணைக்கு ஒதுக்குகிறார்கள். இதை என்னால் தாங்க முடியவில்லை. இது சாபமுமில்லை, அவள் தப்புமில்லை; சிசேரியன் நேரத்துக்குக் கிடைக்காததால் வந்த காயம்.

ஆகவே தடுப்பதென்றால், குழவியை நேரத்தில் எடுப்பதுதான். கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது என்று செவிலியர் பார்ட்டோகிராஃப் தாளில் குறித்துவருவார். கோடு பின்தங்கினால் உடனே மேல் மருத்துவமனை. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இங்கே இந்நோய் அருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. தன் ஊர்க்காரி ஒருத்தி உள்ளே இருந்தால், பயந்தவளும் ஆஸ்பத்திரிப் படியேறுவாள்.

ஒழுகத் தொடங்கிவிட்டதா? வெட்கப்படாமல் அன்றே சொல்ல வேண்டும். சிறுநீர்க் குழாயை நான்கு முதல் ஆறு வாரம் வைத்து சிறுநீர்ப்பையைக் காலியாகவே வைத்திருந்தால், சிறிய ஓட்டை தானே மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. பெரிதென்றால், புண் ஆறிய பிறகு பழகிய கை தைக்க வேண்டும்; பெரும்பாலானோருக்கு மூடிவிடுகிறது. மருத்துவர்களான ஹாம்லின் தம்பதி 1974-ல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே மருத்துவமனை திறந்து, ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தைத்தார்கள். தைத்தபின் அடுத்த பிள்ளை சிசேரியனில்தான் பிறக்க வேண்டும்; இல்லையென்றால் அதே இடம் மறுபடி கிழியலாம்.