ஆயிரம் படியும் ஒரு டீயும்

கொல்லிமலை ஆகாய கங்கைப் படிகளில் ஏறி இறங்கினால் எவ்வளவு எடை குறையும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் இறங்குகிறவர்களுக்கு உற்சாகத்தில் தோன்றுகிற கேள்விதான்.

படிகள் ஆயிரத்துக்கு மேல். ஒரு படி 15 செ.மீ. என்று வைத்தால் ஏற்றம் 150 மீட்டர். 60 கிலோ உடம்பை அந்த உயரத்துக்குத் தூக்க 21 கிலோகலோரி போதும். நம் தசைகள் எரிப்பதில் சுமார் கால் பங்குதான் வேலையாகிறது, மிச்சம் வெறும் சூடு. ஆகவே செலவு 85 என்று கொள்ளலாம். இறங்க இன்னும் குறைவு. மேலே வந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தால் அது திரும்பிவிடும். பஜ்ஜியைக் கடித்தால் பாக்கி நம் பக்கம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி இருக்கிறது. படியேறியே அதைக் கரைக்கத் தொண்ணூறு தடவை ஏற வேண்டும், டீ இல்லாமல்.

இதைவிட விசித்திரம் ஒன்று. டான்சானியாவின் ஹட்ஸா வேட்டைக்குடிகளை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012-ல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கிட்டால், நகரவாசிகளுடையதை ஒட்டியே இருந்தது. நடையில் செலவானதை உடம்பு வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம் என் வீட்டில் முந்திரி காணாமல் போவதும் இப்படித்தான்.

அப்படியானால் கொல்லிமலையின் சாமைச் சோறு எடையைக் குறைக்குமா? சமைக்காத சாமை 100 கிராமில் 340 கிலோகலோரியை ஒட்டி வரும். அரிசியும் கிட்டத்தட்ட அதே. தவிடு போகாத சாமையின் நார்ச்சத்து வயிற்றைச் சீக்கிரம் நிரப்பும், குறைவாகச் சாப்பிட வைக்கும். லாபம் அங்கேதான். மலையில் பெண்கள் அதை உரலில் குத்திக் களைத்தார்கள், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தது நல்லதே. ஆனால் சாமை விளைந்த நிலங்களில் பலவற்றை ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. நகரத்துக் கடையிலோ சாமை என்ற பெயரில் சர்க்கரையும் கொழுப்பும் குழைத்த பிஸ்கட்டை ஆரோக்கியம் என்று விற்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருகிறது.

வாசகருக்குப் பதில்: நாற்காலி வேலை பார்க்கும் ஆணுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் தேவை நாளுக்கு 2,110 கிலோகலோரி. அதில் 300-ஐத் தட்டிலேயே குறையுங்கள்: இரண்டு கரண்டிச் சோறு, டீயில் போடும் சர்க்கரை. படியும் ஏறுங்கள். இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது, இளைத்த பிறகு எடை திரும்பாமல் இருக்கவும் உதவும். முழங்கால் வலி இருந்தால் இறங்கும்போதுதான் அதிகம் கவனம் வேண்டும்.