போய்ப் பார்த்தவர்கள் போட்ட பாதை… தெரியுமா?

ஒருவர் சில மாதம் வெளிநாடு போய்வந்தால் என்ன வரும்? வாசனை சோப்பும் சாக்லேட்டும் வரும், செல்போன் நிறைய போட்டோ வரும் என்றுதானே நினைக்கிறோம்? ரயில் வந்திருக்கிறது! ராக்கெட் வந்திருக்கிறது! நிறவெறிக் கோட்டையில் ஓட்டை விழுந்திருக்கிறது! காலங்காலமாக இருண்டு கிடந்த கிராமங்களில் விளக்கு எரிந்திருக்கிறது!

ஆசிரியர், பொறியாளர், டாக்டர், பத்திரிகையாளர், அரசியல்வாதி என ஏதோ ஒரு வேலையில் இருப்பவரை, அதே வேலை இன்னொரு நாட்டில் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க அனுப்புவதுதான் சர்வதேசத் தொழில்முறைப் பரிமாற்றம். அப்படிப் போனவர்கள் கதையைத் தோண்டத் தோண்ட ஆச்சரியம்தான். அதிலும் பெரிய ஆச்சரியம் என்ன தெரியுமா? மாற்றம் போன இடத்தில் நடக்கவில்லை. ஊர் திரும்பி, வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியபோதுதான் நடந்தது!

பேரரசர் கப்பல் தச்சரான கதை தெரியுமா?

1697. ரஷ்யாவிலிருந்து சுமார் 250 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று மேற்கு ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறது. அதில் பியோத்தர் மிகைலோவ் என்ற பெயரில் ஓர் இளைஞர். ஆறரை அடிக்கும் மேல் உயரம்! அவர் வேறு யாருமல்ல, ரஷ்யாவின் பேரரசர் மகா பீட்டரேதான்!

நெதர்லாந்தின் சான்டாம் ஊரில் ஒரு கொல்லர் வீட்டில் தங்கினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடவே ஆம்ஸ்டர்டாமுக்கு மாறி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் கோடரி பிடித்து மாதக்கணக்கில் வேலை செய்தார். தலைமைத் தச்சரிடம் சான்றிதழும் வாங்கினார்! அடுத்து இங்கிலாந்து. ஊர் திரும்பியவர் ரஷ்யாவுக்குக் கடற்படையை வளர்த்தெடுத்தார். 1703இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு அடிக்கல் போட்டார். அவர் தங்கிய அந்தச் சின்னஞ்சிறு மரவீட்டை இன்றைக்கும் சான்டாமில் பார்க்கலாம்.

பிடிபட்டால் மரண தண்டனை! ஆனாலும் போனார்கள்…

1863இல் ஜப்பானியர் யாரும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. மீறினால் தலை தப்பாது. அந்த நேரத்தில் சோஷூ பகுதியைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் ரகசியமாகக் கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் வில்லியம்சன் அவர்களுக்கு ஆதரவு தந்தார்.

அந்த ஐவர் என்ன ஆனார்கள் தெரியுமா? இட்டோ ஹிரோபூமி 1885இல் ஜப்பானின் முதல் பிரதமர். இனோவே மசாரு ஜப்பான் ரயில்வேயின் தந்தை. யமாவோ யோசோ பகலில் கிளாஸ்கோ கப்பல் தளத்தில் வேலை, இரவில் படிப்பு என்று கழித்தவர்; ஊர் திரும்பி டோக்கியோவில் பொறியியல் கல்லூரிக்கு வழி வகுத்தார். மற்ற இருவரில் ஒருவர் வெளியுறவு அமைச்சர், இன்னொருவர் நாணயச் சாலையின் தலைவர். ஐந்து பேர், ஒரு புதிய நாடு!

எட்டே ஆண்டில் ஜப்பானிய அரசே மனம் மாறிவிட்டது. 1871 டிசம்பரில் இவாகுரா தூதுக்குழு என்ற பெயரில் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் மாணவர்களையும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. அந்தக் கப்பலில் ஐந்து சிறுமிகள். கடைக்குட்டி சுடா உமேகோவுக்கு வயது ஆறு! பதினோரு ஆண்டுகள் அமெரிக்காவில் வளர்ந்து திரும்பியபோது தாய்மொழியே அவருக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி கற்றார். பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று 1900இல் பத்து மாணவிகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய சுடா பல்கலைக்கழகம். 2024 ஜூலை முதல் ஜப்பானின் 5,000 யென் நோட்டில் சிரிப்பவர் அவர்தான்!

போர்க்களத்துப் பழைய சாமான் படிப்புச் செலவான அதிசயம்!

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அமெரிக்க ராணுவத்தின் லாரிகளும் தளவாடங்களும் உலகெங்கும் கேட்பாரின்றிக் கிடந்தன. வாங்க நாடுகள் தயார். ஆனால் கையில் டாலர் இல்லை.

ஆர்கன்சாவைச் சேர்ந்த செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட்டுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. டாலர் வேண்டாம், உங்கள் நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள். அதைக் கொண்டு ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஆய்வாளர்களையும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் அனுப்பலாம்! 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இளமையில் ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர் ஃபுல்பிரைட். தனக்குக் கிடைத்தது ஊருக்கெல்லாம் கிடைக்கட்டும் என்று நினைத்த மனசு அது!

அந்தத் திட்டத்தில் போய்வந்தவர்களில் 60 பேருக்கு மேல் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். வங்கதேசத்தில் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் கொடுத்து உலகையே திரும்பிப் பார்க்கவைத்த முகம்மது யூனுஸ் அவர்களில் ஒருவர். இந்தியாவோடு ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2 அன்று ஏற்பட்டது. இன்று அதன் பெயர் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை.

நாசா வரவேற்பறையில் கலாம் பார்த்த ஓவியம்…

1963. ராமேஸ்வரத்துப் பிள்ளை ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அமெரிக்கா போகிறார். ஆய்வு ராக்கெட்டுகளை ஏவும் நுட்பம் கற்க நாசாவில் சில மாதப் பயிற்சி. அதே பயிற்சிக்குப் போன இன்னொருவர் ஆர். ஆராவமுதன். இருவருமே சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள்!

வர்ஜீனியா கடற்கரையில் உள்ள வாலப்ஸ் ஏவுதளத்தின் வரவேற்பறை. சுவரில் ஒரு போர்க்கள ஓவியம். பின்னணியில் ராக்கெட்டுகள் சீறிப் பறக்கின்றன. கலாம் கிட்டே போய்ப் பார்க்கிறார். ராக்கெட் விடும் வீரர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, நம்மவர்கள்! ஆங்கிலேயரை எதிர்த்த திப்பு சுல்தானின் படை! சொந்த நாடே மறந்துபோன பெருமையை நாசா சுவரில் மாட்டி வைத்திருக்கிறது. அந்தக் காட்சியை மறக்காமல் தன் சுயசரிதையில் எழுதி வைத்தார் கலாம்.

திரும்பி வந்த சூட்டோடு சூடாக என்ன நடந்தது தெரியுமா? திருவனந்தபுரம் அருகே தும்பா. மீனவர் கிராமத்து மேரி மகதலேனா தேவாலயம்தான் அலுவலகம்! அதற்குள்தான் ராக்கெட்டின் பாகங்களைப் பூட்டிச் சேர்த்தார்கள். ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் நாட்டுடையது.

1963 நவம்பர் 21. மாலை ஆறு மணிக்கு ஏவ வேண்டும். லாரியில் வந்த ராக்கெட்டைக் கிரேன் தூக்கி ஏவுமேடையில் வைக்கப்போகும் நேரம்… ராக்கெட் சாய்கிறது! கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. பழுது பார்க்க நேரமில்லை. எல்லாரும் சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள்! ராக்கெட்டைப் பூட்டிச் சேர்ப்பதும் பாதுகாப்பும் கலாம் பொறுப்பு. ராடாரும் தொலையளவியும் ஆராவமுதன் பொறுப்பு. ராக்கெட் கிளம்பியது. அந்தி வானில் சோடியம் ஆவி நிறம் காட்டிப் படர, தென்கோடி மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். இந்திய விண்வெளிப் பயணத்தின் முதல் அடி அது. 1980இல் எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது திட்ட இயக்குநர் கலாம். ஆராவமுதன் பின்னாளில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கே இயக்குநர் ஆனார். வாலப்ஸில் கண்ட தொழிலைத் தேவாலயத்துக்குள் வைத்து நடத்திக்காட்டிய துணிச்சலுக்கு எந்தப் பாடப்புத்தகம் ஈடாகும்?

நாக்பூரில் கற்ற பாடம் நாஷ்வில்லில் வென்றது தெரியுமா?

நாம் வெளிநாடு போய்க் கற்றுவந்தது மட்டும் இல்லை. இங்கே வந்து கற்றுப்போனவர்களும் உண்டு!

ஜேம்ஸ் லாசன். கறுப்பின அமெரிக்க இளைஞர். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது மறுத்து, சிறை போனவர். 1953இல் மெதடிஸ்ட் ஊழியராக நாக்பூர் வந்தார். ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை. மூன்று ஆண்டுகள் தங்கி, காந்தியின் சத்தியாகிரகத்தை அதன் மண்ணிலேயே கற்றார்.

1956இல் திரும்பினார். மறு ஆண்டு கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தெற்கே உடனே வாருங்கள் என்றார் கிங். டென்னசி மாநில நாஷ்வில்லில் லாசன் நடத்திய பயிற்சியைக் கேளுங்கள். ஒரு மாணவர் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் எதிரிகளாக நடித்து வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், தலைமுடியைப் பிடித்து இழுப்பார்கள், முகத்தில் சிகரெட் புகை ஊதுவார்கள். உட்கார்ந்தவர் கை ஓங்கக்கூடாது, எழுந்தும் ஓடக்கூடாது! 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் போய் அமர்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். மே மாதமே நாஷ்வில் நகர மையத்துக் கடைகள் சிலவற்றின் உணவு மேசைகள் எல்லாருக்கும் திறந்தன! அந்த மாணவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ், பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

கிங்கும் சும்மா இருக்கவில்லை. 1959இல் ஒரு மாதம் இந்தியா முழுவதும் சுற்றினார். சென்னை, காந்திகிராமம், மதுரை, கன்னியாகுமரி என்று நம் ஊர்களிலும் அவர் கால் பட்டது!

விண்ணப்பமே இல்லாத பயணம்!

1940இல் நெல்சன் ராக்கெஃபெல்லர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து 130 பத்திரிகையாளர்களை அமெரிக்காவுக்கு அழைத்தார். அந்த விதையிலிருந்து முளைத்ததுதான் சர்வதேசப் பார்வையாளர் தலைமைத்துவத் திட்டம். இதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. எதிர்காலத்தில் வளரப்போகிறவர் யார் என்று அமெரிக்கத் தூதரகமே கவனித்து அழைக்கும்!

கண் எப்படிப்பட்ட கண் பாருங்கள். 1966இல் அன்வர் சதாத். நான்கே ஆண்டில் எகிப்தின் அதிபர். 1967இல் ஆறு வாரம் போன மார்கரெட் தாட்சர் அப்போது எதிர்க்கட்சி எம்.பி.; 1979இல் பிரிட்டனின் முதல் பெண் பிரதமர். 1976இல் தென்னாப்பிரிக்காவின் டி கிளர்க். 1990இல் மண்டேலாவின் சிறைக்கதவைத் திறந்தவர். ஒரு பயணம் மட்டுமே இவர்களை உருவாக்கிவிடவில்லை. ஆனால் தலைவர் ஆவதற்கு முன்பே பிறர் வீட்டு விருந்து மேசையில் உட்கார்ந்து வேறொரு நாட்டின் நியாயத்தைக் கேட்டவர்கள் இவர்கள்!

திரும்பி வா என்று சட்டமே சொல்கிறது!

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்டில் போகிறவர், முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு முன் அங்கே குடியேறும் விசா கேட்க முடியாது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையிலும் அதே இரண்டு ஆண்டு நிபந்தனை. கற்றது பிறந்த மண்ணுக்குப் பயன்பட வேண்டும் என்பதில் எவ்வளவு கறார்!

சட்டம் சொல்லாமலே திரும்பியவரும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1949இல் யுனெஸ்கோ உதவியில் நெதர்லாந்து போனார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், பிறகு விஸ்கான்சினில் ஆய்வு. அங்கேயே பேராசிரியர் வேலை தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டு 1954இல் இந்தியா வந்தார். பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட முடிவு அது!

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் சூரிய மின்பொறியாளர்கள்!

நம்ப முடிகிறதா? ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் கிராமத்துப் பெண்கள் இங்கே வந்து ஆறு மாதம் தங்கினார்கள். பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். செலவுக்குக் கைகொடுத்தது 1964இல் இந்திய அரசு தொடங்கிய ஐடெக் திட்டம்.

ஆசிரியைக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு இந்தி தெரியாது. பிறகு எப்படிப் பாடம்? நிறம்தான் பாடம்! எந்த நிறப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று கைஜாடையில் காட்டுவார்கள். பார்த்துப் பார்த்துச் சர்க்யூட் போர்டில் பற்றவைப்பார்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஊருக்குப் போய் வீடு வீடாகச் சூரிய விளக்கு பொருத்துவார்கள், பழுதும் பார்ப்பார்கள்!

ஏன் பாட்டிகள்? இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள். பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டார் என்கிறார் ராய். எவ்வளவு பெரிய உண்மை!

உலகமே கற்க வரும் மதுரை!

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரு டாக்டர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைத் தயார்ப்படுத்தி வைத்திருப்பார்கள், கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். 1992இல் இதற்கெனவே ஒரு பயிற்சி நிறுவனம், லைக்கோ. பல நாட்டுக் கண் மருத்துவமனைகளிலிருந்து டாக்டரும் நிர்வாகியுமாகக் குழுவாக வந்து, பார்த்து, தங்கள் ஊருக்கான திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள்!

இப்போது உங்கள் முறை!

பீட்டர், இட்டோ, கலாம், லாசன், ஆப்பிரிக்கப் பாட்டி. இவர்களுக்குள் நாடு ஒன்றல்ல, காலம் ஒன்றல்ல. ஒன்றே ஒன்றுதான் பொது. முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள்; தங்கள் ஊரில் கையில் இருந்ததைக் கொண்டு தொடங்கினார்கள்.

அந்த வாசல் உங்களுக்கும் உண்டு. ஐந்தாண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு, 1978இல் தொடங்கிய ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப் இருக்கிறது. பட்டம் தராது, ஏறத்தாழ ஓர் ஆண்டு அனுபவம் தரும். இரண்டாண்டு வேலை பார்த்தவர் செவனிங்கைப் பார்க்கலாம். ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் ஃபுல்பிரைட் இருக்கிறது. பெரிய நகரம், பெரிய பதவி வேண்டும் என்றில்லை. செய்த வேலைதான் பேசும். தகுதியையும் கடைசித் தேதியையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் மிகக் கனமான கேள்வி ஒன்று உண்டு: திரும்பி வந்து என்ன செய்வீர்கள்? உங்கள் பள்ளியில், மருத்துவமனையில், பஞ்சாயத்தில் எதை மாற்ற வேண்டும் என்று யாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்கான பதிலை இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள்!